கிணற்றின் மேல் போன கோடு

சர்வேயர் அன்புச்செல்வன் திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தை அளப்பது அவர் உத்தியோகம். உத்தியோகம் போக மீதி நேரத்தில் அவருக்கும் அவர் மனைவி எழில்மதிக்கும் வேறொரு கிறுக்கு இருந்தது. நட்சத்திரம் மறைவதை நேரம் குறிப்பார்கள்.

சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள் ஒன்று, அதாவது ஒரு பெரிய கல், சில நேரம் ஏதாவது ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். அப்போது அந்த நட்சத்திரம் ஓரிரு வினாடி அணைந்து மறுபடி எரியும். எத்தனை வினாடி அணைந்தது என்று சரியாகக் குறித்துவிட்டால், எந்தத் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரிகிற அந்தக் கல்லின் அகலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் இது எல்லா ஊரிலும் தெரியாது. கல்லின் நிழல் பூமியின் மேல் ஒரு பட்டையாக ஓடும். அந்தப் பட்டைக்குள் நிற்கிறவருக்கு மட்டும் நட்சத்திரம் அணையும். அதனால் புருஷனும் பெண்சாதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆளுக்கொரு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு பத்திருபது கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் போய் நிற்பார்கள்.

எழில்மதிக்கு இதுவரை இரண்டு முறை அணைந்திருக்கிறது. அன்புச்செல்வன் பதினொரு முறை போயிருக்கிறார். ஒரு தடவைகூட அணையவில்லை. ஆறு முறை மேகம். இரண்டு முறை கல் வேறு பக்கம் போய்விட்டது. ஒரு முறை வேறு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கரும்பு லாரி ஒன்று சரியாக அந்த நேரத்தில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. இன்னொரு முறை தொலைநோக்கியின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார். அந்தக் கடைசி விஷயம் வீட்டில் அடிக்கடி பேசப்படும்.

பிப்ரவரி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் பன்னிரண்டாவது வாய்ப்பு வந்தது. பெயர்கூட வைக்கப்படாத, எண் மட்டும் உள்ள ஒரு கல். மாலை ஏழு இருபத்தாறுக்கு மிதுன ராசிப் பக்கம் ஒரு மங்கலான நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணக்கு. எழில்மதி கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கணக்கு டீச்சர். அதனால் மலை அவர் பங்கு. அன்புச்செல்வனுக்கு அடிவாரம். கோமுகி அணைக்குக் கொஞ்சம் தள்ளி ஏரிக்கரைப்புத்தூர் என்ற ஊரின் மேல் நிழலின் நடுக்கோடு போவதாக வரைபடம் காட்டியது.

"நடுக்கோட்டுல நிக்கப் போறது நீங்க. இந்தத் தடவை கிடைக்கலன்னா கல்லைக் குத்தம் சொல்ல முடியாது" என்றார் எழில்மதி, காலையில் பஸ் ஏறும்போது.

"கிடைக்கும்."

"மூடி?"

"கழட்டிடுவேன்."

"கழட்டிட்டு எனக்கு போன் பண்ணுங்க."

நான்கரை மணிக்கு அன்புச்செல்வன் தொலைநோக்கியைப் பெட்ஷீட்டில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப்புத்தூர் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. ரோட்டோரம் நின்றால் வண்டி வெளிச்சம். ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லையை ஒட்டி ஒரே ஒரு மாடி வீடு இருந்தது. வெளியிலிருந்தே மாடிக்குப் படி போனது. வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நடுவயது அம்மாளிடம் மாடியில் கொஞ்ச நேரம் ஒரு மிஷின் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எந்த மாடி?" என்றாள் அவள்.

"இந்த மாடிதாங்க."

"ஏறிப் பாருங்க, தெரியும்."

ஏறிப் பார்த்தார். மொட்டை மாடியின் நடுவில் கிழக்கு மேற்காக முழங்கால் உயரத்துக்கு ஹாலோ பிளாக் கல்லில் ஒரு சுவர் ஓடியது. வடக்குப் பாதி அண்ணன் பாவாடைக்கு. தெற்குப் பாதி தம்பி தங்கதுரைக்கு. கீழே வீடும் அப்படியே இரண்டாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஆறு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. இரண்டு கொல்லையிலும் வேலை செய்கிற இருசம்மாள்தான், அதாவது அந்த மாட்டுக்காரம்மாள்தான், ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்கிறவள். எதிரெதிரே நின்றாலும் அவள் மூலமாகத்தான் பேச்சு.

அன்புச்செல்வனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவர் கவலை வேறு. வடக்குப் பாதியில் நின்றால் கிழக்கே இரண்டு தென்னை மரம் நட்சத்திரம் வரப்போகிற இடத்தை மறைத்தது. தெற்குப் பாதியில் நின்றால் தண்ணீர் டேங்க் மறைத்தது. நட்சத்திரம் தெரியப்போகிற ஒரே இடம் சுவர்தான். தொலைநோக்கி நிற்கும் முக்காலியைச் சுவரின் மேலே கவட்டை போட்டாற்போல் விரித்து வைத்தார். இரண்டு கால் தெற்கே விழுந்தது, ஒரு கால் வடக்கே.

அதற்குள் கீழேயிருந்து இருவரும் வந்துவிட்டார்கள். வடக்குப் பாதியில் அறுபது தாண்டிய பாவாடை துண்டை உதறித் தோளில் போட்டபடி நின்றார். தெற்குப் பாதியில் தங்கதுரை. தங்கதுரை அன்புச்செல்வனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சார் நம்ம சர்வேயர் சாரு ஆச்சே! ஆபீஸ்ல பாத்துருக்கேன்."

இதைச் சொன்னதும் பாவாடையின் முகம் மாறியது. வீட்டுக்குக் கிழக்கே, இருவர் கொல்லைக்கும் நடுவில், அவர்கள் அப்பா வெட்டிய கிணறு ஒன்று இருந்தது. அது யார் பங்கில் வருகிறது என்று அளந்து சொல்லும்படி போன வாரம்தான் இருவரும் தனித்தனியாக மனு கொடுத்திருந்தார்கள். மனு இன்னும் அன்புச்செல்வன் மேஜைக்கு வந்து சேரவில்லை. ஆனால் சர்வேயர் வந்திருக்கிறார். முக்காலியோடு வந்திருக்கிறார். அண்ணனுக்குத் தோன்றியது, தம்பிதான் கூட்டி வந்திருக்கிறான். தம்பிக்குத் தோன்றியது, அண்ணன்தான்.

"இருசம்மா" என்றார் பாவாடை, வானத்தைப் பார்த்துக்கொண்டே. "அவன் பக்கம் ரெண்டு காலு, எம் பக்கம் ஒரு காலு. இது இன்னா நியாயம்னு கேளு."

இருசம்மாள் படியில் நின்றபடி அன்புச்செல்வனிடம், "பெரியவரு கேக்கறாரு, காலை மாத்தி வெக்க முடியுமான்னு" என்றாள்.

"முக்காலிக்கு மூணு கால்தாம்மா. ரெண்டு பக்கமும் சமமா வராது. லேப்டாப்பை வேணா அவர் பக்கம் வெச்சிக்கிறேன்."

பாவாடை யோசித்து, அதற்கு ஒத்துக்கொண்டார்.

அன்புச்செல்வன் நேர்மையான மனுஷன். வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னார். கல், நட்சத்திரம், நிழல் எல்லாவற்றையும் சொன்னார். செல்போனில் வரைபடத்தையும் விரித்துக் காட்டினார். அதில் நீலக்கோடு ஒன்று கொல்லையின் குறுக்கே போனது.

"இதுதான் நடுக்கோடு" என்றார்.

"எங்க போவுது, சார்?" என்றார் தங்கதுரை.

அன்புச்செல்வன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "அதோ தெரியுதே கிணறு, அதுக்கு நேர் மேல."

மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்த பாவாடையின் மனைவி செல்லியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். தங்கதுரையின் மனைவி ஆண்டாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"சாட்டிலைட்ல அளக்கறாங்க" என்று தங்கதுரை மனைவியிடம் கீழே பார்த்துச் சொன்னார். "கல்லு, நட்சத்திரம்னு சொல்றதெல்லாம் சும்மா. எதிர்ல ஆளு இருக்கான் இல்ல, வெளிப்படையா சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு அன்புச்செல்வன் எது சொன்னாலும் இருவரும் தலையாட்டினார்கள். புரிந்த மாதிரிதான் தலையாட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் தங்கதுரை ஒரு இளநீரோடு வந்து குனிந்து காதோடு பேசினார். "சார், கோட்டை ஒரு நாலடி வடக்கால தள்ள முடியுமா?"

"நான் தள்ள முடியாதுங்க. அதுவாத் தள்ளிப் போனாலும் போகும். எங்க கணக்கே ஏழெட்டு கிலோமீட்டர் முன்ன பின்ன இருக்கும்."

"ஏழெட்டு கிலோமீட்டரா!" தங்கதுரை இளநீரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க மொத்த நெலமே அஞ்சு ஏக்கரு, சார்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க."

தங்கதுரை இறங்கியதும் பாவாடை வந்தார். அவரும் இளநீரோடு வந்தார். அவர் தெற்கால தள்ளச் சொன்னார். அன்புச்செல்வன் இரண்டு இளநீரையும் தொடவில்லை. அதை இரண்டு பேருமே நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறரைக்கு எழில்மதி போன் பண்ணினார். மலைமேல் குளிர் என்றார், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். "மூடி?" என்றார்.

"கழட்டிட்டேன். ஆனா இங்க ஒரு சிக்கல். இந்த வீட்டுக்காரங்க நான் கிணறு அளக்க வந்ததா நினைச்சிக்கினு இருக்காங்க."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். சொல்லச் சொல்ல ஜாஸ்தியா நம்பறாங்க."

"அதை அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல நட்சத்திரத்தைப் புடிங்க" என்று எழில்மதி போனை வைத்துவிட்டார்.

நன்றாக இருட்டியது. நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இந்த முறை சரியான நட்சத்திரம்தானா என்று மூன்று தடவை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கேமரா, லேப்டாப், ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் வாங்கிப் படத்தின் ஓரத்தில் அச்சடிக்கிற சின்னப் பெட்டி, எல்லாம் ஓடின. கேமரா பழுதானால் கைவசம் இருக்கட்டும் என்று லேப்டாப்பிலேயே குரலையும் பதிவு செய்வது அவர் பழக்கம். தெரியும்போது "இருக்குது" என்பார். மறைந்தால் "போச்சு". திரும்பினால் "வந்துடுச்சு".

ஏழு மணிக்கு வாசலில் இரண்டு குழல் விளக்கு எரிந்தது. வடக்கு வாசலில் ஒன்று, தெற்கு வாசலில் ஒன்று. தென்னை ஓலையெல்லாம் பளபளத்தது. திரையில் நட்சத்திரம் சோர்ந்து கிடந்தது. லைட்டை ஒரு அரைமணி நேரம் அணைக்க முடியுமா என்று அன்புச்செல்வன் மாடியிலிருந்து கெஞ்சினார்.

"அவன் அணைக்கட்டும், அப்பால நான் அணைக்கறேன்னு சொல்லு" என்றார் பாவாடை.

"பெரியவரு இன்னா சொல்றாருன்னா, நீங்க மொதல்ல அணைக்கணுமாம்" என்றாள் இருசம்மாள்.

"மூத்தவரு அவுரு. அவுரு மொதல்ல அணைக்கட்டும். இருட்டுல அளக்கறதுன்னா இன்னாவோ இருக்குது. நான் அணைச்சதும் அந்தாண்ட ஒரு கல்லை நகத்திட்டா?"

"சின்னவரு இன்னா சொல்றாருன்னா, பெரியவருக்கு மரியாதை குடுக்கறாராம். நீங்கதான் மொதல்ல."

"ரெண்டு பேரும் ஒண்ணா அணைங்க. நான் மூணு எண்றேன்" என்றார் அன்புச்செல்வன். எண்ணினார். இரண்டு ஸ்விட்சும் அப்படியே இருந்தன. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் எண்ணினார். மணி ஏழு பன்னிரண்டு.

திடீரென்று வடக்கு விளக்கு அணைந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் தெற்கும் அணைந்தது. டிவி நின்றது, மோட்டார் நின்றது, மின்விசிறி நின்றது.

"யார்ரா அது!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"நான்தான்" என்றாள் இருசம்மாள் இருட்டிலிருந்து. "ரெண்டு வூட்டு பீஸ் கட்டையும் எம் மடியில கீது. சாரு சொல்ற வரைக்கும் குடுக்க மாட்டேன்."

நட்சத்திரம் திரையில் பளிச்சென்று எழுந்து உட்கார்ந்தது.

ஏழு இருபதுக்கெல்லாம் ஊரில் பாதிப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள். கிணறு யாருக்கு என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்ற செய்தி தெருத்தெருவாகப் போயிருந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. இருட்டு. மேலேயிருந்து ஒரு மனுஷக் குரல் மட்டும் கேட்டது.

"ஏழு இருபத்தஞ்சு. இருக்குது."

"இருக்குதாம்" என்று கூட்டம் தனக்குள் சொல்லிக்கொண்டது. செல்லியம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"இருக்குது... இருக்குது..."

லேப்டாப்பில் எதையும் தொட்டுவிடக்கூடாது என்று அன்புச்செல்வன் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். பதினொரு முறை இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பதினொரு முறையும் 'போச்சு' என்று சொல்லாமலே எழுந்திருக்கிறார். இதற்காக விட்ட ஞாயிற்றுக்கிழமைகள், சொந்தக்காரர் கல்யாணங்கள், பைக் பஞ்சரான இடங்கள் எல்லாம் வரிசையாக மனசில் வந்தன. எழில்மதி எத்தனை சிரித்தாலும் இரண்டு தடவை பார்த்தவர். அந்த இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, "எப்படின்னு சொல்லத் தெரியலைங்க" என்றுதான் சொன்னார்.

"இருக்குது... இருக்குது..."

ஏழு இருபத்தாறு, பதினான்காவது வினாடி. திரையில் அந்தப் புள்ளி இல்லை.

"போச்சு!" என்று கத்தினார் அன்புச்செல்வன்.

"அய்யய்யோ!" என்று செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து தரையில் அடித்துக்கொண்டாள். "எங் கெணறு போச்சே! மாமனாரு வெட்டன கெணறு போச்சே!"

"வந்துடுச்சு!"

"நமக்கு வந்துடுச்சாம்!" என்று ஆண்டாள் தெற்கு வாசலில் கை தட்டினாள்.

இரண்டு அலறலையும் கேட்டுக்கொண்டே அண்ணனும் தம்பியும் மாடிப்படிக்குப் பாய்ந்தார்கள். ஒரு ஆள் ஏறக்கூடிய படி அது. இருவரும் நாலாவது படியில் தோளோடு தோள் சிக்கி நின்றார்கள்.

"தள்றா!" என்றார் பாவாடை.

"நீ தள்ளு! நான்தான் மொதல்ல ஏறனேன்!" என்றார் தங்கதுரை.

சட்டென்று வாசல் அடங்கிவிட்டது. செல்லியம்மாளின் அழுகைகூட நின்றது.

"அடேங்கப்பா" என்றாள் இருசம்மாள். "பேசிட்டாங்க."

படியில் சிக்கியவர்கள் எப்படியோ பிய்த்துக்கொண்டு மேலே வந்தார்கள். அங்கே சர்வேயர் தொலைநோக்கியைச் சுற்றி இரண்டு கையையும் விரித்துக் கோழி குஞ்சைக் காப்பது போல நின்றார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"அசையாதீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் பதிவு ஓடணும். தயவுசெஞ்சி அசையாதீங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பாவாடை தம்பியின் பாதியில் நின்றுகொண்டிருந்தார். அதை அவரும் கவனிக்கவில்லை, தம்பியும் கவனிக்கவில்லை. மேலே ஏறிவந்த ஆண்டாளும், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த செல்லியம்மாளும், மடியில் பீஸ் கட்டையோடு வந்த இருசம்மாளும் சுவரோரம் நின்றார்கள். இரண்டு நிமிஷம் முடிந்தது.

அன்புச்செல்வன் படத்தைப் பின்னால் ஓட்டிக் காட்டினார். கறுப்புத் திரை. நாலைந்து புள்ளி. நடுவில் இருந்த ஒன்று அணைந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் எரிந்தது. கூடவே லேப்டாப்பிலிருந்து "எங் கெணறு போச்சே" என்று செல்லியம்மாளின் குரலும் கேட்டது.

"கரெண்டு போயி வந்தாப்பல" என்றாள் இருசம்மாள். "இன்னொரு தபா போடுங்க."

ஏழு தடவை போட்டார்.

"அந்தக் கல்லு எம்மாம் பெருசு, சார்?" என்று கேட்டார் தங்கதுரை.

"இங்கிருந்து புறப்பட்டா கள்ளக்குறிச்சி தாண்டிப் போயிடும். அவ்வளவு அகலம்."

"யப்பா! அது யாரு பேருல பட்டா?"

அன்புச்செல்வன் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த வரவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்துப் பாவாடைக்கு மெல்ல விஷயம் உறைத்தது.

"அப்ப கெணறு?" என்றார்.

"ஐயா, சத்தியமா நான் கிணத்துக்கு வரலை. இதுக்குத்தான் வந்தேன். இதுதான், இந்த ரெண்டு செகண்டுதான்."

"ரெண்டு செகண்டுக்கா இம்புட்டும்?" பாவாடை தம்பியைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியாடா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றார் தங்கதுரை. "எல்லாம் உன்னால. நீதான் சாட்டிலைட்டுன்ன."

"நீதான்டா சொன்ன!"

அங்கேயே பிடித்துக்கொண்டார்கள். மாடிச் சுவரில் ஆரம்பித்து, அப்பா செத்தபோது மாடு யாருக்குப் போனது என்பதில் நுழைந்து, ஆறு வருஷத்துக் கணக்கையும் அவிழ்த்துக் கொட்டினார்கள். இருசம்மாள் இரண்டு பீஸ் கட்டையையும் செல்லியம்மாள் கையிலும் ஆண்டாள் கையிலும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். "எனக்கு இனிமே தொண்டைத் தண்ணி மிச்சம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அந்தச் சண்டைச் சத்தத்துக்கு நடுவில்தான் எழில்மதி கூப்பிட்டார்.

"இன்னாங்க ஆச்சு?"

"போச்சு, எழிலு! போய் வந்துச்சு! ரெண்டு செகண்டுக்கு மேல!"

எழில்மதி மெதுவாக, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எப்படின்னு சொல்லத் தெரியலை."

"இப்ப தெரியுதா?" என்று எழில்மதி சிரித்தார். "எனக்கு அணையவே இல்லைங்க. கடைசி வரைக்கும் நின்னு எரிஞ்சிது."

"அடடா."

"இன்னா அடடா? கல்லோட ஓரம் உங்களுக்கும் எனக்கும் நடுவுல போயிருக்குது. அது எதுவரைக்கும் இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க, எதுக்கு மேல இல்லைன்னு நான் சொல்றேன். ரெண்டும் வேணும். சீக்கிரம் வாங்க, இன்னைக்கே அளந்துடலாம்."

அன்று கள்ளக்குறிச்சியில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, படம் படமாக நகர்த்தி அளந்தார்கள். இரண்டு புள்ளி பூஜ்யம் எட்டு வினாடி. கல்லின் அந்தக் குறுக்கு அகலம் பத்தொன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. எழில்மதி இட்லியைப் பிட்டுக்கொண்டே கணக்கைப் போட்டார். அன்புச்செல்வனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அறிக்கையைப் புனேவில் இதையெல்லாம் தொகுக்கிற பெரியவர் ஒருவருக்கு அனுப்பினார்கள். அவர் இரண்டு நாளில் வாழ்த்துச் சொல்லிப் பதில் போட்டார். ஒலிப்பதிவில் நட்சத்திரம் மறைந்த உடனே ஒரு பெண் கதறி அழுவது கேட்கிறது, அங்கே எல்லாரும் நலமா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

எல்லாரும் நலம்தான். ஆனால் அடுத்த வாரம் ஆபீஸுக்கு ஒரு மனு வந்தது. சர்வேயர் அன்புச்செல்வன் விடுமுறை நாளில், இருட்டில், எங்கள் வீட்டு மாடியில் ஏறி, நோட்டீஸ் எதுவும் இல்லாமல் எங்கள் பொதுக் கிணற்றை அளந்தார். அளந்துவிட்டு கிணறு போச்சு என்றும் வந்துவிட்டது என்றும் மாற்றி மாற்றிக் கூறிக் குடும்பத்துப் பெண்களை மனவேதனைக்கு ஆளாக்கினார். ஆகவே கிணற்றை அளக்க இவரைத் தவிர வேறு யாரையாவது அனுப்பவேண்டும். கீழே இரண்டு கையெழுத்து. பாவாடை, தங்கதுரை. ஆறு வருஷத்தில் இருவரும் சேர்ந்து போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

மேலதிகாரி அன்புச்செல்வனைக் கூப்பிட்டார். ரிட்டையராக ஒரு வருஷம் இருக்கிற அம்மா அவர். மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு நீங்க என்னதான் அளந்தீங்க?"

"ஒரு கல்லை, மேடம்."

"எல்லைக் கல்லா?"

"இல்லை மேடம். வானத்துல போற கல்."

"எழுதிக் குடுங்க" என்றார் அவர்.

அன்றைக்கு வீட்டில் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'பார்வையில் கண்ட மனுவின் மீது பணிந்து சமர்ப்பிப்பது' என்று ஆரம்பித்தார். 'மேற்படி தேதியில் மேற்படி கிணற்றை நான் அளக்கவில்லை. மேற்படி கிணற்றுக்கு மேலே சுமார் இருபத்தொரு கோடி கிலோமீட்டர் தொலைவில் சென்ற ஒரு கல்லை மட்டுமே அளந்தேன். மேற்படி கல் நட்சத்திரம் ஒன்றை 2.08 வினாடி மறைத்தது' என்று எழுதிக்கொண்டு வந்தபோது, எழில்மதி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பிழை எங்க?"

"எழுத்துப் பிழையா?"

"அளவுப் பிழைங்க. 0.04 வினாடி கூடவோ குறையவோ இருக்கலாம்னு போடுங்க. வெறும் 2.08-னு எழுதுனா தப்பு."

"இது ஆபீஸ் கடிதம், எழிலு."

"ஆபீஸுக்குன்னா தப்பா எழுதலாமா?"

போட்டார். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழில்மதி சேர்க்கச் சொன்னார். அதையும் போட்டார். இரண்டு வரைபடமும் இணைத்தார். ஒரு பக்கத்தில் முடியவேண்டிய கடிதம் ஐந்து பக்கம் ஆனது.

கிணற்றை வேறொரு சர்வேயர் போய் அளந்தார். சரிபாதியாக வந்தது, ஒன்பது அங்குலம் மட்டும் தெற்கே கூடுதல். அந்த ஒன்பது அங்குலத்துக்காக அண்ணனும் தம்பியும் தினமும் நேருக்கு நேர் நின்று கத்திக்கொள்கிறார்கள் என்றும், கத்தி முடித்து இரண்டு மோட்டாரையும் முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் அவர் வந்து சொன்னார். தன்னிடமும் இளநீர் கொடுத்துப் பார்த்தார்களாம்.

பத்து நாள் கழித்துக் கோப்பு கீழே இறங்கி வந்தது. ஐந்து பக்கத்தையும் மேலதிகாரி படித்திருந்தார் என்பது தெரிந்தது. '0.04' என்பதைப் பச்சை மையில் வட்டமிட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். கீழே அவருடைய குறிப்பு இருந்தது.

'மனுதாரர்கள் குறிப்பிடும் நிகழ்வில் அளக்கப்பட்ட பொருள் இவ்வட்டத்தின் எல்லைக்குள் அமையவில்லை. எனவே மேல் நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.'

அன்புச்செல்வன் அதைப் போனில் எழில்மதிக்குப் படித்துக் காட்டினார். மலைமேல் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். அவர் வாயில் சோற்றோடு சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வாங்க" என்றார். "புனேக்காரருக்கு அனுப்பணும்."